சிற்பி வரைந்தார், பட்டறை அடித்தது: ஹென்னிங் கோப்பெலின் வெள்ளியும் எனாமலும்

கோபன்ஹேகனின் கியோர்க் யென்சன் வெள்ளிப் பட்டறையின் பட்டியலில் 89 என்ற எண்ணில் ஒரு பிரேஸ்லெட் உண்டு. 1940களின் பிற்பாதியில் வந்தது. அதில் கல் இல்லை, பூ இல்லை, கொடியும் இல்லை. நுண்ணோக்கியில் பார்க்கும் அமீபா போல ஓரம் உள்வாங்கியும் வெளியே நீண்டும் போகிற கனமான வெள்ளிக் கண்ணிகள், ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு மணிக்கட்டைச் சுற்றி வருகின்றன. இதை வடிவமைத்த ஹென்னிங் கோப்பெலுக்கு அப்போது முப்பது வயது நிரம்பவில்லை. வெள்ளி வேலை கற்றவரும் அல்ல. அவர் சிற்பி.

அதே ஆண்டுகளில் அதே பட்டறைக்காக அவர் எனாமல் வைத்த வெள்ளி புரூச்சுகளும், அதாவது உடையில் ஊசியால் குத்திக்கொள்ளும் நகைகளும், வரைந்தார். எனாமல் என்பது உலோகத்தின் மேல் உருக்கி ஒட்டவைத்த கண்ணாடி. ஆக, ஒரே ஆள், ஒரே பட்டறை, ஒரே காலம். ஒரு பக்கம் வெறும் வெள்ளி, இன்னொரு பக்கம் வெள்ளியும் கண்ணாடியும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு டேனிஷ் நகை வரலாற்றில் எனக்குத் தெரிந்து இல்லை. வெள்ளியில் கோப்பெல் முழுதாக ஜெயித்தார், கண்ணாடியில் பாதிதான் ஜெயித்தார் என்பது என் முடிவு. ஏன் என்பதுதான் இந்த ஆய்வு.

வயிற்றுப்பாட்டுக்கு வெள்ளி

ஒரு சிற்பியைக் கூப்பிட்டு நகை வரையச் சொல்வது பல ஊர்களில் விசித்திரமாகத் தெரிந்திருக்கும். யென்சன் பட்டறையில் அது வீட்டு வழக்கம். அதை நிறுவியவரே சிற்பியாகத் தொடங்கியவர்.

கியோர்க் யென்சன் 1866இல் கோபன்ஹேகனுக்கு வடக்கே ரோட்வாட் என்ற ஊரில் பிறந்தார். அப்பா அங்கிருந்த கத்தித் தொழிற்சாலையில் சாணை பிடிப்பவர். பதினான்கு வயதில் நகரத்துக்கு வந்து பொற்கொல்லரிடம் தொழில் பழகினார். ஆனால் மனசு சிற்பத்தில். 1892இல் அரச நுண்கலை அகாதமியில் சிற்பப் படிப்பை முடித்தார். சிற்பம் சோறு போடவில்லை. 1897இல் மனைவி இறந்தபோது கையில் இரண்டு சின்னப் பிள்ளைகள். ஒரு நண்பரோடு சேர்ந்து செய்த பீங்கான் பொருள்களுக்கு 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் பாராட்டு வந்தது, பணம் வரவில்லை. 1901இல் மோகென்ஸ் பாலினின் உலோகப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். 1904இல் பிரெட்கேட் தெரு 36ஆம் எண்ணில் சொந்தப் பட்டறை போட்டார்.

தொடக்கத்தில் அங்கே விற்றதில் பெரும்பங்கு நகை. காரணம் சாதாரணமானது: பெரிய பாத்திரத்துக்கு வேண்டிய வெள்ளியில் பல புரூச்சுகள் செய்துவிடலாம். வைரம், மாணிக்கம் பக்கம் அவர் போகவில்லை. அம்பர், நிலாக்கல், பவளம், மாலக்கைட் மாதிரி விலை குறைந்த கற்கள். சுற்றிலும் புடைத்த இலை, மொட்டு, பறவை. நகையின் மதிப்பு கல்லில் இருக்கத் தேவையில்லை, வடிவத்தில் இருக்கலாம் என்பதை அவர் வாதமாகச் சொன்னாரோ இல்லையோ, கடையில் நடத்திக் காட்டினார். டென்மார்க்கில் அந்தக் காலத்துப் பாணிக்கு ஸ்கோன்வியர்க்க என்று பெயர்.

அவருடைய வெள்ளிக்கு ஒரு தனி மங்கல் உண்டு. பொருளைப் பழுக்கக் காய்ச்சி, கந்தக அமிலத்தில் முக்கி எடுத்து, பிறகு மெருகிடுவார்கள். மெருகு போகாத பள்ளங்களில் கொஞ்சம் கருமை தங்கிவிடும். அதை வேண்டுமென்றே விட்டுவைத்தார்கள். சுத்தியல் அடித்த தழும்பும் மேற்பரப்பில் தெரியும், கை வேலை என்பதற்குச் சாட்சியாக. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கோப்பெல் வந்து முதலில் கை வைத்தது இங்கேதான்.

நிறுவனர் 1935இல் இறந்தார். அதற்குள் பட்டறைக்கு வெளிநாடுகளில் கடைகள் வந்துவிட்டன. 1924இல் ஃபிரெடெரிக் லுன்னிங் நியூயார்க்கில் திறந்த கடை அவற்றில் முக்கியமானது. பெயர் பெரிதாகிவிட்டது. ஆனால் நகைப் பெட்டியைத் திறந்தால் இன்னும் இலையும் திராட்சையும்தான் நிறைய.

போர் நடுவே

1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மன் படை டென்மார்க்குக்குள் நுழைந்தது. ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 16 அன்று, இளவரசி மார்கிரேத பிறந்தார். அரண்மனை நகைக்காரரான ஏ. மிக்கெல்சன் நிறுவனம் அந்தப் பிறப்பையொட்டி, இளவரசியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் டெய்சிப் பூவை நகையாக்கியது. தங்கப் பூச்சிட்ட வெள்ளி, அதன் மேல் வெள்ளை எனாமல் இதழ்கள். அதே ஆண்டு செப்டம்பரில் மன்னர் பத்தாம் கிறிஸ்டியனுக்கு எழுபது வயது. அதற்காக யென்சன் பட்டறையின் ஆர்னோ மாலினோவ்ஸ்கி வரைந்த சின்னஞ்சிறு எனாமல் சின்னத்தை மக்கள் சட்டையில் குத்திக்கொண்டு தெருவில் நடந்தார்கள். ஆக்கிரமிப்பின் கீழ் கொடி பிடிக்க முடியாத ஊரில், வெள்ளியும் கண்ணாடியும் அந்த வேலையைச் செய்தன.

இது கோப்பெலின் கதையல்ல, பின்னணிதான். ஆனாலும் சொல்லக் காரணம் உண்டு. டேனிஷ் எனாமலில் பெரும்பங்கு இந்த வகை: தட்டையான பரப்பு, தெளிவான விளிம்பு, உள்ளே நிறம், பார்த்தவுடன் புரிகிற உருவம். எனாமலின் இயல்பான வேலை சின்னம். சிற்பம் அதற்குச் சுலபமாக வராது.

போர்க்காலத்தில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு. மாலினோவ்ஸ்கி இரும்பில் வெள்ளி பதித்து நகை வரைந்தார். கறுத்த இரும்புத் தகட்டில் மெல்லிய வெள்ளிக் கோடுகள். என் கண்ணுக்கு அந்தப் பட்டறையின் மிக அழகான நகைகளில் சில இவைதான், ஆனால் அது வேறு கட்டுரை.

ஹென்னிங் கோப்பெல் 1918இல் கோபன்ஹேகனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஓவியமும் சிற்பமும் படித்தார். அரச அகாதமியில் சில காலம், அப்புறம் 1938இல் பாரிஸின் அகாதமி ரான்சன். 1943 இலையுதிர்காலத்தில் டென்மார்க்கின் யூதர்களைப் பிடித்து அனுப்ப நாஜிகள் திட்டமிட்டபோது, பெரும்பாலானோர் படகுகளில் ஸ்வீடனுக்குத் தப்பினார்கள். கோப்பெலும் போரின்போது ஸ்வீடனில் தஞ்சம் புகுந்தார். அங்கே ஓரெஃபோர்ஸ் கண்ணாடி நிறுவனத்துக்கும், ஸ்டாக்ஹோமின் ஸ்வென்ஸ்க்ட் டென் கடைக்கும் வேலை செய்தார். 1945இல் ஊர் திரும்பினார். அதே ஆண்டு யென்சன் பட்டறையில் வேலை தொடங்கியது. சாகும் வரை, 1981 வரை, அந்த உறவு நீடித்தது.

89

சரி, பிரேஸ்லெட்டுக்கு வருவோம்.

சங்கிலி செய்கிறவர் எதிர்கொள்கிற முதல் கேள்வி, கண்ணியை எப்படி இணைப்பது என்பது. வழக்கமான பதில்: அழகான துண்டுகளைச் செய், இடையிடையே சின்ன வளையம் போடு. கண் அழகான துண்டைப் பார்க்கும், வளையத்தைப் பார்க்காத மாதிரி கடந்துபோகும். யென்சனின் பழைய பிரேஸ்லெட்டுகளில் பலவும் இப்படித்தான்: இலை, வளையம், இலை, வளையம். கோப்பெல் அந்த இடைவெளியை ஒழித்தார். அவருடைய கண்ணிகளில் இணைப்பு என்று தனியாக எதுவும் கண்ணில் படாது. வடிவத்தில் ஏற்கனவே இருக்கிற நீட்சியும் குழியுமே ஒன்றோடு ஒன்று சேருமிடம் ஆகின்றன. பூட்டும் அதே குடும்பத்து வடிவம்தான். எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டியிருக்கிறது.

ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வந்தாலும் சலிப்பதில்லை. காரணம், அந்த வடிவத்துக்குச் சமச்சீர் கிடையாது. சமச்சீரான துண்டை அடுக்கினால் கண் ஒன்றைப் பார்த்துவிட்டு மீதியைக் கணக்கில் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடும். இதில் ஒவ்வொரு கண்ணியின் வளைவும் அடுத்ததன் வளைவோடு சேர்ந்து நடுவே ஒரு வெற்றிடத்தை உண்டாக்குகிறது. அந்த வெற்றிடத்துக்கும் உருவம் இருக்கிறது. கை அசையும்போது அது மாறிக்கொண்டே இருக்கிறது. ழான் ஆர்ப்பின் சிற்பங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த மொழி பழக்கமானதுதான். முப்பதுகளின் பாரிஸில் அது காற்றிலேயே இருந்தது. ஆனால் ஆர்ப்பின் சிற்பம் பீடத்தில் அசையாமல் நிற்கும். இது உடம்பில் ஏறி நகர்கிறது. எந்தக் கோணத்தில் நிற்கும் என்பதை வரைந்தவர் தீர்மானிக்க முடியாது. இதைத் தொல்லையாக நினைக்காமல் வசதியாக எடுத்துக்கொண்டதில்தான் கோப்பெலின் கெட்டிக்காரத்தனம்.

அடுத்தது மேற்பரப்பு. நன்றாக மெருகிட்ட வெள்ளி, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஏறக்குறைய 95 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். வேறெந்த உலோகமும் அவ்வளவு அனுப்பாது. அதனால் வெள்ளியில் செய்த வளைவைப் பார்க்கும்போது நாம் உண்மையில் பார்ப்பது சுற்றியிருக்கும் அறையை: ஜன்னல், விளக்கு, எதிரே நிற்கிறவர், எல்லாம் நெளிந்து நீண்டு. குழிந்த இடத்தில் பிம்பம் ஒரு விதமாக வளையும், புடைத்த இடத்தில் வேறு விதமாக. அந்த நெளிவை வைத்துத்தான் கண் வடிவத்தைப் படிக்கிறது. சுத்தியல் தழும்பு இருந்தால் பிம்பம் சில்லுசில்லாக உடையும். மென்மையாக மின்னும், ஆனால் வடிவம் மங்கும். கோப்பெல் தழும்பை முழுக்க எடுத்துவிடச் சொன்னார். வீட்டு வழக்கத்தின் அடையாளத்தையே அழிக்கச் சொன்ன மாதிரி. பட்டறை ஒத்துக்கொண்டது என்பது சின்ன விஷயமில்லை.

இதே அறிவு பெரிய பாத்திரங்களில் இன்னும் வெளிப்படையாகத் தெரியும். 1952இல் வந்த 992 எண் குடுவைக்கு டென்மார்க்கில் ‘கர்ப்பிணி வாத்து’ என்று செல்லப்பெயர். அடிவயிறு ஒரு பக்கம் பெருத்து, கழுத்து நீண்டு, கைப்பிடி உடம்பிலிருந்தே முளைத்து மேலே போகும். 1954இல் மூடி போட்ட மீன் தட்டு. மிலான் திரியென்னாலே கண்காட்சியில் 1951, 1954, 1957 மூன்று முறையும் தங்கப் பதக்கம், 1953இல் நார்வேயின் டியாஸ் எக்ஹோஃபோடு பகிர்ந்துகொண்ட லுன்னிங் பரிசு, நார்டிக் நாட்டு வடிவமைப்பாளர்களுக்குத் தருவது. புகழெல்லாம் பெரும்பாலும் இந்தப் பாத்திரங்களால் வந்தது. நகைகளைப் பாத்திரங்களுக்கு முன்னோட்டமாக மட்டும் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. 992 குடுவை மேசையில் ஒரு இடத்தில் நிற்கும், நல்ல பக்கம் கெட்ட பக்கம் உண்டு. 89க்கு அப்படிக் கிடையாது.

வெள்ளியின் மேல் கண்ணாடி

எனாமல் புரூச்சுகளில் அதே அமீபா வடிவங்கள் இருக்கின்றன. சில நீர் தெறித்த மாதிரி, சில மீன் போலவும் இல்லை, இலை போலவும் இல்லை. குழிவான பகுதிகளில் நிறமுள்ள எனாமல், மேடான விளிம்பில் வெள்ளி. வேலை அபாரம். இந்த வேலை எவ்வளவு கடினம் என்பது தெரிந்தால்தான் என் குறையைச் சொல்லவும் எனக்கு உரிமை.

எனாமல்காரர் கண்ணாடியைப் பொடியாக அரைத்து, கழுவி, ஈரமாக உலோகக் குழியில் நிரப்பி, உலர்த்தி, உலையில் சில நிமிடம் வைப்பார். ஏறக்குறைய 750 முதல் 800 டிகிரி செல்சியஸ். பொடி உருகிப் பரவி வெள்ளியைப் பிடித்துக்கொள்ளும். ஒரு தடவையில் முடியாது. ஒவ்வொரு நிறத்துக்கும் மெல்லிய அடுக்கு அடுக்காகத் திரும்பத் திரும்ப உலைக்குப் போக வேண்டும். நம் ஊரில் மீனாகாரி நகை செய்கிறவர்களுக்கும் இதே பாடுதான்.

இங்கே மூன்று சிக்கல். முதலாவது, சுத்த வெள்ளி 962 டிகிரியில்தான் உருகும் என்றாலும், 7.5 விழுக்காடு செம்பு கலந்த ஸ்டெர்லிங் வெள்ளி 800ஐக் கொஞ்சம் தாண்டியவுடன் இளக ஆரம்பிக்கும். கண்ணாடி உருகவும் வேண்டும், வெள்ளி உருகவும் கூடாது. இடைவெளி ரொம்பக் குறுகல். பின்பக்கத்து ஊசிக்கும் கீலுக்கும் வைக்கிற பற்றாசும் அந்தச் சூட்டைத் தாங்கியாக வேண்டும்.

இரண்டாவது, அந்தச் செம்பே. உலைச் சூட்டில் அது ஆக்சைடு ஆகி, மேற்பரப்புக்கு அடியில் சாம்பல் ஊதாக் கறையாகப் படியும். மேலே ஒளி ஊடுருவும் எனாமல் போட்டால் கறை அப்படியே தெரியும். அதனால் எனாமலுக்கு முன்பே வெள்ளியைக் காய்ச்சிக் காய்ச்சி நீர்த்த கந்தக அமிலத்தில் முக்கி, மேல்தோலில் இருக்கிற செம்பைக் கரைத்து எடுத்து, சுத்த வெள்ளியின் மெல்லிய படலத்தை உண்டாக்குவார்கள். யென்சன் பட்டறை மங்கலுக்காகப் பழகிவைத்திருந்த அதே காய்ச்சலும் அமிலமும் இங்கே வேறு காரியத்துக்கு உதவின.

மூன்றாவதுதான் பெரியது. ஒரு மீட்டர் வெள்ளிக் கம்பி 100 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 1.9 மில்லிமீட்டர் நீளும். சாதாரண ஜன்னல் கண்ணாடி 0.9 மில்லிமீட்டர்தான். அதனால் ஜன்னல் கண்ணாடியை வெள்ளியில் உருக்கி ஒட்டினால் ஆறும்போதே தெறித்துவிடும். எனாமல் கண்ணாடியை வேறு கலவையில், அதிகமாக விரிகிற மாதிரி செய்வார்கள். ஆனாலும் வெள்ளியைவிடக் கொஞ்சம் குறைவாக. ஆறும்போது வெள்ளி அதிகமாகச் சுருங்கி, கண்ணாடியை நாலாபுறமும் இருந்து அமுக்கும். அமுக்குவது கண்ணாடிக்கு நல்லது. இழுத்தால் விரிசல் விடும் பொருள் அமுக்கினால் தாங்கும். வித்தியாசம் அளவு மீறினால் மட்டும் சில்லாக உரிந்து வரும். தட்டையான பரப்பில் இந்த அமுக்கம் சீராக இருக்கும். வளைந்த பரப்பில், அதுவும் விளிம்பு கூராகத் திரும்புகிற இடத்தில், சீராக இருக்காது. அமீபா வடிவத்தில் திரும்பாத விளிம்பே இல்லை. இந்த புரூச்சுகளில் சில்லு போயிருந்தால் பெரும்பாலும் அந்தத் திருப்பங்களில்தான் தேட வேண்டும்.

நிறத்திலும் வெள்ளிக்குச் சொந்த விருப்பு வெறுப்பு உண்டு. நீலமும் பச்சையும் அதன் மேல் பளிச்சென்று நிற்கும். ஒளி ஊடுருவும் சிவப்பு நேரடியாக வெள்ளியைத் தொட்டால் ஆரஞ்சாகவோ பழுப்பாகவோ கெட்டுப்போகும். நடுவே நிறமற்ற ஓர் அடுக்குப் போட்டுப் பிரிக்க வேண்டும்.

இத்தனையும் தாண்டி வந்த புரூச்சை ஏன் பாதி வெற்றி என்கிறேன்? மேலே சொன்ன பிம்பம்தான் காரணம். நிறம் வந்து உட்கார்ந்தவுடன், அந்த இடத்தில் வெள்ளியின் நெளியும் பிம்பம் போய்விடுகிறது. கண் குழிவைக் குழிவாகப் படிப்பதற்கு இருந்த ஆதாரம் அது. எனாமல் போட்ட குழி நிறமுள்ள பரப்பாக மட்டும் தெரிகிறது. சுற்றியிருக்கும் வெள்ளி விளிம்பு அதை வரைந்த கோடாகிவிடுகிறது. மண்ணில் பிசைந்து உண்டாக்கிய உருவம் காகிதத்தில் வரைந்த படமாக மாறுகிறது. படமாகப் பார்த்தால் அருமையான படம். நாற்பதுகளின் ஓவியங்களோடு வைத்தால் ஒன்றும் குறையாது. ஆனால் கோப்பெலுக்கு மட்டும் தெரிந்த வித்தை அதில் இல்லை. நல்ல வரைகலைஞர் யாரும் அந்தப் பக்கம் வந்திருக்கலாம்.

கண்ணாடியை உலோகத்தில் வைத்து இதைத் தாண்டியவர் ஒருவரைச் சொல்லச் சொன்னால், நார்வேயின் கிரெடெ பிரிட்ஸைச் சொல்வேன். 1952இல் லுன்னிங் பரிசு பெற்றவர். ஆஸ்லோவின் டோஸ்ட்ரூப் நிறுவனத்துக்காக வேலை செய்தார். அவர் எனாமலை விளிம்புக்குள் அடைக்காமல் வளைந்த பரப்பு முழுவதும் படர விட்டார். அடியில் இருக்கிற உலோகத்தின் ஒளி கண்ணாடி வழியாக மேலே வரும். கண்ணாடியே தோலாகிவிடுகிறது. அவர் எனாமலோடு வளர்ந்தவர், கோப்பெல் மண்ணோடு வளர்ந்தவர். வித்தியாசம் அங்கே இருக்கலாம்.

யார் செய்தது?

இந்த வகை நகைகளை விற்கிறவர்கள் ‘ஸ்டுடியோ நகை’ என்று ஒரே கூடையில் போட்டுவிடுகிறார்கள். கண்டிப்பாகப் பார்த்தால் அது வரைகிறவரே பட்டடையில் உட்கார்ந்து அடித்து முடிப்பது. கோப்பெல் விஷயத்தில் அது நடக்கவில்லை. அவர் மையால் வரைவார், மண்ணில் மாதிரி பிசைவார். வெள்ளியை வெட்டியது, அடித்தது, பற்றவைத்தது, மெருகிட்டது எல்லாம் பட்டறைத் தொழிலாளர்கள். நகையின் பின்னால் கோப்பெலின் முதலெழுத்து இருக்கும். அவர்கள் பெயர் இருக்காது.

இதில் அநியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 89 உருவானது இந்தப் பிரிவினையால்தான் என்று நினைக்கிறேன். வெள்ளி வேலை தெரிந்த ஒருவர் வரைந்திருந்தால் வரையும்போதே கை தயங்கியிருக்கும்: இந்த வளைவை மெருகிட முடியாது, இந்த மூலைக்குள் அரம் போகாது, இவ்வளவு வெள்ளி வீண். கோப்பெலுக்கு அந்தத் தயக்கம் தெரியாது. அவர் மண்ணில் என்ன வருமோ அதைச் செய்துகொண்டு வந்து வைத்தார். எப்படிச் செய்வது என்பது பட்டறையின் தலைவலி. பட்டறைக்கு அந்தத் தலைவலியைத் தீர்க்கிற கை இருந்தது. இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் பிரேஸ்லெட் வந்திருக்காது. எனாமலில் இந்த ஏற்பாடு அவ்வளவாக வேலை செய்யவில்லை என்பதும் இதனால்தான் புரிகிறது. வெள்ளியை மண் மாதிரி நடத்தலாம். அது கடைசியில் இணங்கும். கண்ணாடி அப்படி இணங்காது. அதன் நடத்தையைத் தெரிந்துகொண்டவர்தான் அதற்கு வரைய முடியும்.

நிறுவனரின் மகன் சோரென் கியோர்க் யென்சன் இரண்டும் தெரிந்தவர்: பட்டறையில் தொழில் பழகி, அகாதமியில் சிற்பம் படித்து, 1962 முதல் 1974 வரை பட்டறையின் கலைப் பொறுப்பை வகித்தார். அவருடைய நகைகள் கச்சிதம், சுத்தம், ஆனால் ஆபத்து எதுவும் எடுக்காதவை. நான்னா டிட்செல் 1954இல் சேர்ந்தபோது மேசை நாற்காலி வடிவமைப்பிலிருந்து வந்தார். இணைப்பையும் எடையையும் தச்சர் மாதிரி யோசிக்கிறவர். அவருடைய தடித்த வளைகள் அதனாலேயே போட்டுக்கொள்ள வசதியாக இருக்கின்றன.

உண்மையான ஸ்டுடியோ நகைக்காரர் வேண்டுமென்றால் டோருன் பூலோவ்-ஹ்யூபே. அவர் டேனிஷ் அல்ல. 1927இல் ஸ்வீடனின் மால்மோவில் பிறந்தவர். பாரிஸிலும் அப்புறம் தெற்கு பிரான்சின் பியோ கிராமத்திலும் தன் கையால் வெள்ளி அடித்தார். கழுத்தைச் சுற்றி வளைந்து முன்னால் தொங்கும் வெள்ளிக் கம்பி, நுனியில் கடற்கரைக் கூழாங்கல் அல்லது படிகத் துளி. பாடகி பில்லி ஹாலிடே அவருடைய நகைகளை அணிந்திருக்கிறார். 1960களின் பிற்பாதியில் யென்சனுக்கு வடிவம் கொடுக்கத் தொடங்கினார். கம்பி நகை அடிக்கிறவரின் கையில் பிறந்தது என்பது பார்த்தாலே தெரியும்: ஒரே வீச்சு, தொடக்கமும் முடிவும் உள்ள ஓர் அசைவு. கோப்பெலின் வடிவத்தில் அந்த அசைவு இருக்காது. அது பிசைந்தது.

வாங்குகிறவர் கவனத்துக்கு

டோருன் துளிகளைப் பற்றிப் பேசியதால் முதலில் அது. பாறைப் படிகமும் கண்ணாடியும் பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். படிகம் கன்னத்தில் வைத்தால் அதிக நேரம் குளிர்ச்சியாக இருக்கும், வெப்பத்தை வேகமாகக் கடத்துவதால். உருப்பெருக்கிக் கண்ணாடியில் உருண்டையான காற்றுக் குமிழி தெரிந்தால் அது கண்ணாடி. படிகம் ஜன்னல் கண்ணாடியைக் கீறும் என்பதும் உண்மைதான். ஆனால் அடுத்தவர் நகையில் அதைச் சோதிக்காதீர்கள்.

கோப்பெல் நகையின் பின்பக்கத்தில் புள்ளிகளால் ஆன நீள்வட்டத்துக்குள் கியோர்க் யென்சன் பெயர், ஸ்டெர்லிங், டென்மார்க், 925 எஸ், வடிவ எண், வடிவமைப்பாளரின் முதலெழுத்து இவற்றை எதிர்பார்க்கலாம். நீள்வட்டம் 1945இலிருந்து இன்று வரை புழக்கத்தில் இருக்கிறது. ஆகவே அதை வைத்து ஐம்பதுகளின் பொருளா தொண்ணூறுகளின் பொருளா என்று சொல்ல முடியாது. விற்கிறவர் அந்த முத்திரையை மட்டும் காட்டி ‘1947’ என்று விலை சொன்னால், அது வடிவம் பிறந்த ஆண்டு, இந்தப் பொருள் பிறந்த ஆண்டு அல்ல என்று கேட்டு வாங்க வேண்டும். பிரிட்டன் வழியாகப் போன பொருள் என்றால் அதிர்ஷ்டம்: லண்டன் இறக்குமதி முத்திரையில் ஆண்டுக்கான எழுத்து இருக்கும்.

எனாமல் இருந்தால் பொருளை நேராகப் பார்க்காமல், பக்கவாட்டில் விளக்கை வைத்துச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். நூலிழை விரிசல் அப்போதுதான் தெரியும். பழுதான இடத்தில் பிசின் நிரப்பி நிறம் தீட்டியிருந்தால் பளபளப்பு வேறு மாதிரி இருக்கும். புற ஊதா விளக்கில் பெரும்பாலும் தனியாகக் காட்டிக்கொடுக்கும். கீலோ ஊசியோ கழன்றுபோன எனாமல் புரூச்சை எந்தக் கடையிலும் பற்றவைக்கக் கொடுக்காதீர்கள். சுடர் பட்டால் கண்ணாடி தெறித்துவிடும். அல்ட்ராசோனிக் என்கிற அதிர்வு அலைத் தொட்டியில் போட்டுக் கழுவுவதும் ஆபத்து, ஏற்கனவே இருக்கும் விரிசல் பெரிதாகும். முக்கி எடுத்தால் பளபளக்கும் என்று விற்கிற திரவங்களும் வேண்டாம். அவை கறுப்பைக் கரைப்பதோடு, பழைய யென்சன் நகைகளின் பள்ளங்களில் வேண்டுமென்றே விட்ட கருமையையும் கொண்டுபோய்விடும். எனாமலின் பளபளப்பையும் அரித்துவிடலாம். மென்மையான துணி போதும்.

பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது, 89ஆ எனாமல் புரூச்சா என்று யாராவது கேட்டால், தயங்காமல் 89 என்பேன். ஏற்கனவே 89 வைத்திருக்கிறவர் கேட்டால் பதில் வேறு: புரூச்சை வாங்குங்கள், விளிம்பு திரும்புகிற இடங்களை முதலில் பார்த்துவிட்டு.